மாதம் மூன்று நாள்

பிரபஞ்சம் ஓர் ஒழுங்கின் மேல் நிற்கிறது. கிழக்கே சூரியன் உதிப்பது, ஆடி மாதம் பூரம் வருவது, ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதியில் ஆராவமுதன் அகத்தில் காலை ஏழரைக்குப் பெருமாள் அமுது கண்டருள்வது ஆகிய மூன்றும் அந்த ஒழுங்கின் தூண்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான ஆராவமுதனே இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டு தூண்களைப் பற்றி நமக்குத் தெரியாது. மூன்றாவது தூண் இரண்டரை வருஷமாக ஒரு பொய்யின் மேல் நின்றுகொண்டிருந்தது. பொய்யைச் சொல்லிவந்தவள் அவர் மனைவி வஞ்சுளவல்லி. சொன்னாள் என்பதுகூடச் சரியில்லை. இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்கட்டு அறைக்குப் போனாள், அவ்வளவுதான்.

ஆராவமுதன் ஒரு ஸம்ப்ரதாய ஸபையின் செயலாளர். ஸபையில் பதினான்கு அங்கத்தினர்கள். அவர்களில் பதினோரு பேர் ஏதாவதொரு பதவியில் இருந்தார்கள். ஆசாரத்தில் தன் அகத்தை மிஞ்ச ஊரில் ஆளில்லை என்பது அவர் எண்ணம். 1987-இலும் விறகடுப்புதான். காஸ் சிலிண்டரை எவன் தொட்டான், எந்த லாரியில் எதற்குப் பக்கத்தில் அது வந்தது என்று யாருக்குத் தெரியும். வஞ்சுளவல்லி நாலு மணிக்கு எழுந்து, கிணற்றடியில் குளித்து, மடி உடுத்தி, பெருமாள் அமுது செய்யும்வரை பல்லில் தண்ணீர் படாமல் தளிகை செய்வாள். பிறகு அவர் சாப்பிடுவார். பிறகு பாத்திரம். பிறகு மத்தியானம். வருஷத்தில் முந்நூற்றறுபத்தைந்து நாளும் இப்படியே போயிருக்கும். மாதவிலக்கு மூன்று நாள் மட்டும் அவள் எதையும் தொடக்கூடாது. அந்த நாள்களில் ஆராவமுதனே தளிகை செய்வார். ஒவ்வொரு விலக்குக்கும் தன் பாக்கெட் டைரியில் சிவப்பு மசியால் மூன்று புள்ளிகள் வைப்பார். பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது. சிவப்புப் பேனாவை அவர் விடவில்லை.

ஐம்பத்தோராவது வயதில், ஒரு ஐப்பசியில், வஞ்சுளவல்லிக்கு நின்றுபோனது. ஒரு மாதம் பார்த்தாள். இன்னொரு மாதமும் பார்த்தாள். அவளுக்கு மாமியார் ஞாபகம் வந்தது. மாமியாருக்கு நின்றுபோனது என்று தெரிந்த அன்று மாமனார், "இனி தடங்கலில்லை, எல்லாம் ஆண்டாள் அநுக்ரஹம்" என்று கைகூப்பினாராம். அதன்பின் மாமியார் பத்தொன்பது வருஷம் அடுப்படியை விட்டு நகரவில்லை. தடங்கலில்லாதவள் என்பதால் ஊறுகாயும் அப்பளமும் வடகமும்கூட அவள் பொறுப்பில் வந்தன. மற்றவர்கள் ஓய்வுபெறும் வயதில் அவளுக்கு உத்தியோக உயர்வு. சாவுத் தீட்டு வந்தால் மட்டும் பத்து நாள் அடுப்புக்கு விடுமுறை. உறவினர்கள் சாகவேண்டும் என்று அவள் நினைத்தாள் என்றால் அபவாதம். ஆனால் தந்தி வந்தால், யார் என்று கேட்பதற்கு முன்னால் அவள் உட்கார்ந்துகொள்வாள். வஞ்சுளவல்லி அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

மூன்றாவது மாதம் அவள் பாயை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

"தள்ளிப் போச்சோன்னு பார்த்தேன்" என்றார் ஆராவமுதன், வாசற்படிக்கு அப்பால் நின்று.

"வந்துடுத்து" என்றாள்.

பாவம் செய்கிறோம் என்ற பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. விலக்காகி இருக்கும்போது உள்ளே வந்தால் தோஷம். ஒன்றுமில்லாதபோது வெளியே உட்கார்ந்தால் தோஷம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பெண் பிள்ளை சும்மா உட்காருவாள் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

பின்கட்டு அறையில் சிமெண்டுத் தரை. அந்தத் தரைதான் முக்கியம். அந்த நாள்களில் அவளுக்கு ஒரு சூடு வந்துகொண்டிருந்தது. நெஞ்சில் கிளம்பி, கழுத்து வழியாக ஏறி, காதுமடல் எரிந்து, தலையில் வேர்த்துக் கொட்டிவிட்டு இறங்கும். உள்ளே யாரோ அடுப்பை மூட்டிவிட்டு மறந்துபோனதுபோல. மற்ற இருபத்தைந்து நாளும் வெளியில் ஓர் அடுப்பு, உள்ளே ஓர் அடுப்பு. இந்த மூன்று நாள் பாயைக்கூட விரிக்காமல் வெறும் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வாள். யாரும் கூப்பிட முடியாது. தட்டில் சாதம் வரும், ஓர் அடி தள்ளி வைக்கப்படும். அவள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவாள். மற்ற நாள்களில் வராத தூக்கமும் அங்கே வந்தது.

துக்கம் என்று எதுவும் இல்லை. எதுவுமே இல்லை என்பதுதான் விஷயம். சென்னையில் இருந்த மகள் ஸாவித்ரியின் கடிதம் வந்தால் படிப்பாள். மடித்து வைத்ததும், அதில் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது. பேரனுக்குப் பல் முளைத்ததா, விழுந்ததா என்று ஒருமுறை அவள் மறந்துபோய், இரண்டுக்கும் பொதுவாக "சந்தோஷம்" என்று பதில் எழுதினாள்.

கணக்கு வாத்தியாரை ஏமாற்றுவதில் ஒரு சங்கடம் உண்டு. முன்பின் வந்தால் கேள்வி கேட்பார். ஆகவே அவள் சரியாக இருபத்தெட்டு நாள் எண்ணினாள். அவளுக்கு உண்மையாக வந்த காலத்தில்கூட அவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை. ஆராவமுதன் டைரியைப் புரட்டிப் பார்த்துப் பிரமித்தார். ஐம்பத்து மூன்று வயதில் கடிகாரம் மாதிரி. இதற்குக் காரணம் வேண்டும். யோசித்தார். காரணம் அவர்தான் என்று புரிந்தது.

அப்படிப் பிறந்ததுதான் "ஆசாரமே ஔஷதம்" என்ற நாற்பது பக்கப் புத்தகம். மேனாட்டு ஸ்திரீகளை நாற்பத்தைந்து வயதில் பீடிக்கும் தேக உஷ்ணம், வியர்வை, நித்திரையின்மை, சிடுசிடுப்பு ஆகியவை வெங்காயம் பூண்டு நீக்கிய நம் க்ருஹங்களில் கிடையாது என்று அதில் நிறுவியிருந்தார். ஆதாரமாக "ஓர் உத்தம க்ருஹத்தில் கண்டது" என்று தலைப்பிட்டு முப்பத்தொரு வரி அட்டவணை. எந்த க்ருஹம் என்று சொல்லவில்லை. முகவுரையில் மட்டும் தன் விலாசத்தைப் போட்டிருந்தார்.

கையெழுத்துப் பிரதியை ஒரு சாயங்காலம் மனைவிக்கு வாசித்துக் காட்டினார். வஞ்சுளவல்லி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"தேக உஷ்ணம், வியர்வை..." என்று வாசித்தவர் நிமிர்ந்தார். "ஏன் இப்படி வேர்க்கறது உனக்கு?"

"அடுப்பு."

"அணைச்சு ஒரு மணி நேரம் ஆச்சே."

"அந்தச் சூடுதான் நிக்கறது."

"ம்" என்றவர் வாசிப்பைத் தொடர்ந்தார்.

1989 வைகாசியில், டைரிப்படி இன்னும் பதினேழு நாள் பாக்கி இருக்கையில், சாத்தமுதுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு இரத்தம் வந்தது.

நிஜமாகவே வந்தது. அவள் புளிக்கரைசலில் கையை வைத்தபடி நின்றாள். இப்போது வெளியே போகவேண்டும். போனால் கணக்கு உதைக்கும். இது விலக்குத்தானா, வேறு ஏதாவதா என்றும் தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை. தளிகையை முடித்தாள். இரண்டரை வருஷம் ஒன்றுமில்லாமல் வெளியே இருந்தவள், வந்தபோது உள்ளே இருந்தாள். அதற்கும் பயம் வரவில்லை. கை கழுவினாள்.

நாலாம் நாளும் நிற்கவில்லை. ஒன்பதாம் நாள் மடிசார்க் கொசுவத்தில் கறையை ஆராவமுதனே பார்த்துவிட்டார். அவர் முதலில் பார்த்தது கறையை, இரண்டாவது டைரியை.

"இன்னும் ஒம்பது நாள் இருக்கே" என்றார். மாணவன் பரீட்சைக்குச் சீக்கிரமாக வந்துவிட்டதுபோல் இருந்தது அவர் குரல்.

உள்ளூர் வைத்தியம் வேண்டாம் என்று முடிவாயிற்று. உள்ளூர் ஆஸ்பத்திரி வாசலில் ஸபைக்காரர்கள் யாராவது நிற்பார்கள். செயலாளர் அகத்தில் ஸ்திரீ ரோகம் என்றால் புத்தகம் என்ன ஆகும். அது ராஜபாளையத்தில் ஒரு அச்சகத்தில் ஏறியிருந்தது. ஆடிப்பூரத்தன்று வெளியீடு. ஆகவே ராஜபாளையத்துக்கே போய், வைத்தியமும் பார்த்து, புரூஃபும் பார்த்து வந்துவிடலாம் என்றார். இருவரும் பஸ் ஏறினார்கள்.

டாக்டர் காஞ்சனாவின் நர்சிங் ஹோமில் பெஞ்சு நிறையப் பெண்கள். சேத்தூரிலிருந்தும் செட்டியார்பட்டியிலிருந்தும் வந்தவர்கள். நர்ஸ் பெத்தம்மாள் ஒவ்வொருவரையும் அதட்டியும் தட்டிக்கொடுத்தும் உள்ளே அனுப்பினாள்.

"ஏட்டி, இப்பத்தானட்டி வந்த, அதுக்குள்ள என்ன அவசரம், செத்த நேரம் இரி" என்று ஒருத்தியிடம் சொன்னவள், இவர்களைப் பார்த்ததும், "மாமி, நீங்க வாங்க. சாமி, நீங்களும் வாரியளா?" என்றாள்.

"நான்தான் சொல்லணும்" என்றார் ஆராவமுதன்.

அவர்தான் சொன்னார். ஆசாரத்தில் ஆரம்பித்து, உணவில் நின்று, டைரியில் முடித்தார். டாக்டர் டைரியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"சார், இது மனுஷிக்கு வந்ததா, ரயில்வே டைம் டேபிளா?"

ஆராவமுதன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "ஸாத்விக ஆகாரம்" என்றார்.

"இந்த வயசுல எல்லாருக்கும் முன்ன பின்ன ஆகும். இவங்களுக்கு ஒரு நாள்கூடத் தப்பலை. இதை நம்பினா, நிக்கப்போற நேரம், கொஞ்சம் அதிகமாப் போகுது, அவ்வளவுதான். நிறுத்துறதுக்கு மாத்திரை குடுத்து அனுப்பிடலாம்." டாக்டர் டைரியை மூடினார். "பெத்தம்மா, சாரை வெளிய உக்கார வை. அம்மாவைப் பாக்கணும்."

"நான் இருக்கலாமே" என்றார் ஆராவமுதன்.

"சாமி, உள்ள அவிய துணியக் களத்தணும். வாங்க, வெளிய ஃபேன் இருக்கு" என்று பெத்தம்மாள் அவரை முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். பிறர் தொட்டு அவர் நடந்தது அதுவே முதல் தடவை.

பரிசோதனை முடிந்தது. வஞ்சுளவல்லி எழுந்து உட்கார்ந்தாள்.

"சூடு மாதிரி வருதா? திடீர்னு வேர்க்குதா?" என்று டாக்டர் கேட்டார்.

"வரும்."

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷம் இருக்கும்."

"தூக்கம்? மூட்டு வலி? காரணமில்லாம எரிச்சல்?"

"எரிச்சல் வர்றதில்லை. ஒண்ணுமே வர்றதில்லை."

டாக்டர் பேனாவை வைத்தார். "அம்மா, நான் ஒண்ணு கேக்கறேன். யோசிச்சுச் சொல்லுங்க. டைரியில இருக்கற மாதிரி மாசாமாசம் நிஜமா வந்துட்டிருந்தா, இது ஒரு வைத்தியம். நின்னுபோய் ஒரு வருஷத்துக்கு மேல ஆகி, அப்புறம் வந்ததுன்னா, அது வேற. பத்துப் பேருக்கு அப்படி வந்தா ஒம்பது பேருக்கு ஒண்ணும் இருக்காது. ஒருத்தருக்குக் கர்ப்பப்பையில புத்துநோயா இருக்கும். அந்த ஒருத்தர் யாருன்னு, உள்ள சுரண்டி எடுத்து மதுரைக்கு அனுப்பிப் பாக்காமச் சொல்ல முடியாது. நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்."

வஞ்சுளவல்லி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்தது; உள்ளே போகவில்லை. அவளுக்குத் தோன்றியதெல்லாம், சொன்னால் பின்கட்டு போய்விடும் என்பதுதான். சொல்லாவிட்டால் ஆளே போகலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எது கனம் என்று உடனே தெரியவில்லை. இது அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

"நின்னு ரெண்டரை வருஷத்துக்கு மேல ஆறது" என்றாள்.

"அப்ப டைரி?"

"அது அவரோடது."

பெத்தம்மாள் வாயில் கையை வைத்துத் திரும்பிக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. எழுதினார்.

"அவர்கிட்டச் சொல்ல வேண்டாம்" என்றாள் வஞ்சுளவல்லி.

"நான் சொல்லலை. ஆனா மயக்க மருந்து குடுத்துப் பண்றது. அவர் கையெழுத்துப் போடணும்."

கையெழுத்துப் போடக் காகிதம் வந்தது. மற்ற கணவர்கள் பெத்தம்மாள் விரல் வைத்த இடத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். ஆராவமுதன் முப்பத்து நாலு வருஷம் விடைத்தாள் திருத்தியவர். முதல் வரியிலிருந்து படித்தார். மாதவிடாய் நின்று இரண்டரை ஆண்டுக்குப்பின் இரத்தப்போக்கு என்று ஆங்கிலத்தில் இருந்த இடத்துக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். இரண்டரை ஆண்டை அடித்தார். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். "பெரிய தப்பு. வேற யாரோ கேஸை எழுதியிருக்கா" என்றார்.

"அடிக்காதீங்கோ" என்றாள் வஞ்சுளவல்லி. "அது சரிதான்."

அவர் பேனாவைக் காகிதத்தின் மேல் அப்படியே வைத்திருந்தார். மசி ஊறியது.

"அப்ப மாசாமாசம்?"

"உட்கார்ந்துண்டிருந்தேன்."

"எதுக்கு?"

அவள் யோசித்தாள். நிறையக் காரணங்கள் இருந்திருக்கவேண்டும். ஒன்றுதான் அகப்பட்டது. "அங்க சிமெண்டுத் தரை. குளுகுளுன்னு இருக்கும்."

ஆராவமுதன் மனக்கணக்குப் போட்டார். அவரால் அதை நிறுத்த முடியாது. "முப்பத்தொண்ணு மூணு தொண்ணூத்து மூணு. தொண்ணூத்து மூணு நாள் நான் தளிகை பண்ணியிருக்கேன்."

"ஆமாம்."

"அனாவசியமா."

"சாத்தமுது நன்னா இருக்கும்" என்றாள்.

அவர் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு நாள் கழித்துச் சுரண்டி எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து கிடந்தவளின் காலைப் போர்வையால் மூடிவிட்டு, பெத்தம்மாள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமி, எம்புட்டு நாளு சமாளிச்சிருக்கிய. எனக்கு இந்த ரோசன வரலையே. எங்க வீட்ல வெலக்கும் கெடையாது ஒண்ணுங் கெடையாது. வந்தாலும் அடுப்படி, வராட்டியும் அடுப்படி."

"பாவம்" என்றாள் வஞ்சுளவல்லி.

"இனி என்ன செய்விய?"

"இனி ஒண்ணும் இல்லை."

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பெத்தம்மாளுக்குத்தான் ஏதோ போலிருந்தது. எழுந்து போய்க் காப்பி கொண்டுவந்தாள். அந்தக் காப்பியை யார் போட்டது என்று வஞ்சுளவல்லி கேட்கவில்லை. குடித்துவிட்டாள்.

மதுரையிலிருந்து முடிவு வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் ஆராவமுதனே தளிகை. ஆறாம் நாள், "புத்தகம் ஐந்நூறு காப்பி அச்சாயிடுத்து" என்றார். அவள், "சந்தோஷம்" என்றாள். முடிவைப் பற்றி அவர் பேசவில்லை, அவளும் பேசவில்லை. ஆனால் அவர் இரண்டு நாள் சாதத்தைக் குழையவிட்டார். அவர் கை அதுவரை குழையவிட்டதில்லை.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் எதிரே மறுபடி உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணும் இல்லை" என்றார் டாக்டர். "உள்ள சின்னதா ஒரு சதை வளர்ச்சி. எடுத்தாச்சு. புத்துநோய் இல்லை."

ஆராவமுதன் "நாராயணா" என்றார். வஞ்சுளவல்லி தலையை ஆட்டினாள். சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தாள். சூடுதான் வந்தது. டாக்டர் மேஜை விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஒரு சந்தேகம்" என்றார் ஆராவமுதன், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "கர்ப்பப்பையையே எடுத்துட்டா சுத்தம்தானே? இனி இந்தத் தொந்தரவே வராது. தடங்கலும் இருக்காது."

"அவங்களுக்கு நல்லா இருக்கற ஒண்ணை எதுக்கு எடுக்கணும்? இங்க பெஞ்சில உக்காந்திருக்கறதுல பாதிப் பேர் அதைத்தான் கேட்டு வந்திருக்காங்க. வேண்டாம்னு சொல்லித்தான் தொண்டை வத்துது." டாக்டர் வஞ்சுளவல்லியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இருக்கற சூடு, வேர்வை, தூக்கமில்லாதது எல்லாம் நோய் இல்லை. உடம்புல ஒரு சுரப்பு கொறைஞ்சுபோனதால வருது. பல பேருக்குச் சில வருஷத்துல தானா அடங்கிடும். சமாளிச்சுக்கலாம்னா, விறகடுப்புகிட்ட நிக்கறதைக் கொறைங்க, காப்பியைக் கொறைங்க, சாயங்காலம் நடங்க, பால் மோர் சேருங்க, எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை தர்றேன். தாங்கலைன்னா ஹார்மோன் மாத்திரை இருக்கு. சூடு நல்லாக் கேக்கும். ஆனா சும்மா சாப்பிடற மாத்திரை இல்லை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து பிரஷர் பாக்கணும், மார்புல கட்டி இருக்கான்னு பாக்கணும், கால் வீங்கினா உடனே வரணும். ரெண்டு மூணு வருஷத்துக்கு மேல வேண்டாம்."

வஞ்சுளவல்லி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுல ஒரு தொந்தரவும் உண்டு" என்றார் டாக்டர். "இருபத்தொரு நாள் மாத்திரை, ஏழு நாள் இடைவெளி. கர்ப்பப்பை இருக்கறவங்களுக்கு அதுக்குள்ள சுத்தமாகறதுக்கு இன்னொரு மாத்திரையும் சேத்துத் தருவோம். அதனால அந்த ஏழு நாளுக்குள்ள மூணு நாலு நாள் இரத்தம் வரும். மாசவிலக்கு மாதிரியே. நிறையப் பேர் அது பிடிக்காமலே நிறுத்திடறாங்க."

வஞ்சுளவல்லி முதல்முறையாக முன்னால் சாய்ந்தாள். "கணக்கா வருமா?"

"இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தடவை."

"நிஜமாவே வருமா?"

"நிஜமாவே வரும்."

"அந்த மாத்திரையே குடுங்கோ" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஆராவமுதன் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மாத்திரை வாங்கவில்லை. இது சாஸ்திர விஷயம், யோசிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். மருந்தால் வருவது விலக்காகுமா? விலக்கில்லை என்றால் அவள் உள்ளே இருக்கலாம். அவருக்கு அடுப்பு மிச்சம். விலக்கு என்றால் மாதம் மூன்று நாள் மறுபடி அவர் தலையில். இதுவரை நியாயம் ஒரே பக்கமாகத்தான் இருந்தது. ஆனால் மடியில் ஐந்நூறு புத்தகத்தின் மாதிரிக் கட்டு இருந்தது. அதில் முப்பத்தொரு வரி அட்டவணை. அச்சாகிவிட்டதை இனிச் சிவப்பு மசியால் அடிக்க முடியாது. அட்டவணைக்கு ஒரு முப்பத்திரண்டாவது வரி, உண்மையான வரி, வரக்கூடும் என்றால் அதைத் தடுக்கத் தாம் யார்?

வஞ்சுளவல்லி பக்கத்தில் வெளியே பார்த்தபடி இருந்தாள். அவள் எதையும் வற்புறுத்தவில்லை. வேண்டும் என்று ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. அதையே மறுபடி சொல்லத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து, கால் கழுவி, பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து ஆராவமுதன் தீர்ப்புச் சொன்னார். "வந்தா வந்ததுதான். எதனால வந்ததுன்னு சாஸ்திரம் கேக்கலை. வைத்திய சாஸ்திரத்தையும் நாம அவமதிக்கப்படாது."

"சரி" என்றாள்.

"நாளைக்குப் போய் நானே வாங்கிண்டு வரேன். ராஜபாளையத்துலேயே வாங்கிடறேன்."

டாக்டர் சீட்டில் வஞ்சுளவல்லியின் பெயர் இருந்தது. அகத்துப் பெண்டிர் பெயரை மருந்துக் கடையில் நீட்டுவதா என்று, இரண்டு மாத்திரைகளின் பெயரையும் தனியாக ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார். கடைக்காரர் மாரிச்சாமி ஒரு காலத்தில் அவரிடம் கணக்குப் படித்தவர். இரண்டு தடவை தோற்றவர். வாத்தியாரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பெஞ்சில் இருமல் மருந்துக்காகக் காத்துக்கொண்டு ஸபையின் தலைவர் ஸுந்தரராஜன் உட்கார்ந்திருந்தார்.

"ஓய், நீரா? என்ன இவ்வளவு தூரம்?" என்றார் ஸுந்தரராஜன். "அகத்துல யாருக்காவது உடம்பு சரியில்லையோ?"

"சேச்சே, அகத்துல எல்லாரும் பரம க்ஷேமம்" என்றார் ஆராவமுதன்.

மாரிச்சாமி துண்டுக் காகிதத்தைப் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். "சார், இது யாருக்கு?"

"எனக்கு" என்றார் ஆராவமுதன்.

"சார், இது பொம்பளையாளு சாப்புடறது."

"தெரியும். முட்டி வலிக்கு."

மாரிச்சாமி ஸுந்தரராஜனைப் பார்த்தார். ஸுந்தரராஜன் ஆராவமுதனைப் பார்த்தார். மாரிச்சாமி பில் போட்டார். அந்தக் கடையில் மூன்று வருஷம், இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை, அந்த ஹார்மோன் மாத்திரை திரு. ஆராவமுதன், வயது அறுபது, ஆண் என்ற பெயரில்தான் எடுத்து வைக்கப்பட்டது.